கணக்கில் சேராத ரெண்டு நாள்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பெட்டி வந்தபோது அது பார்த்த முதல் வயிறு என்னுடையது. பெருமைக்குச் சொல்லவில்லை. பதிவில் அப்படித்தான் இருக்கிறது: நோயாளி எண் ஒன்று, தமயந்தி, ஸ்டாஃப் நர்ஸ், வயது முப்பத்து மூன்று.

பெட்டி என்றதும் பெரிய இயந்திரமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டிபன் பாக்ஸ் அளவுதான். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு முழ நீளம். ஒருத்தரும் அதைச் சொல்வதில்லை. அடிவயிற்றில் வைத்தால் உள்ளே படம் பிடிக்கும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொள்ளும். கடைசியாக மாதவிலக்கு ஆன தேதியைக் கேட்கும். இந்த மூன்றையும் வைத்து, கரு நிலைக்குமா நிலைக்காதா என்று ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடும். அதற்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை. பச்சை எழுத்தில் 'தொடரும்'. சாம்பல் எழுத்தில் 'தொடராது'. முதல் வார்த்தையைப் பார்த்து, டிவி சீரியல் முடிந்த மாதிரி இருக்கிறதே என்று ஆரம்பத்தில் சிரித்திருக்கிறோம். இரண்டாவதைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

நான் நர்சிங் படித்த காலத்தில் பெட்டி கிடையாது. ஆரம்ப ஸ்கேனில் துடிப்பு தெரியவில்லை என்றால் டாக்டர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்: "பத்து நாள் கழிச்சு வாங்க." அந்தப் பத்து நாளும் அந்தப் பெண் படுகிற பாடு இருக்கிறதே! உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே சோறு பொங்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், பஸ் பிடித்து வேலைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவை பாத்ரூம் போகும்போதும் கறை பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறாம் நாளே வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறவர்கள் உண்டு. "இல்லைன்னா இல்லைன்னாவது சொல்லிருங்க சிஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டத்தான் பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். நல்ல மனசோடுதான் கண்டுபிடித்தார்கள். அதை இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன்.

எனக்குச் சாம்பல் எழுத்து வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லை. எங்கள் செங்கட்டாபுரத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, பங்குனிப் பொங்கலில் அக்னிச்சட்டி எடுத்தேன். எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி ஊரைச் சுற்றி வந்த அந்தக் கோடையிலேயே கரு தங்கியது. மே மாதம் பெட்டி 'தொடராது' என்றது. அன்று மதியமே கருவை வெளியேற்றும் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். நான்காம் நாள் டூட்டிக்கு வந்துவிட்டேன். ஆசை காட்டிப் பறித்துக்கொண்டாளே என்று அம்மன் மேல்தான் எனக்குக் கோபம்; அதற்குப் பிறகு கோயில் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. பெட்டி மேல் கோபமே இல்லை. அது என்னைப் பத்து நாள் வதைக்காமல் விட்டது. ரெண்டு வருஷம் கழித்து என் மகள் இளவேனில் பிறந்தாள். அதனால் யாராவது பெட்டியைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இப்படி ஐந்து வருஷம் ஓடியிருந்தபோதுதான் டாக்டர் ஃபர்ஹானா வந்து சேர்ந்தார்.

ஆம்பூர்க்காரர், இருபத்தொன்பது வயது. படித்ததே பெட்டியோடுதான். பத்து நாள் காத்திருப்பதைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் பார்த்திருப்பார், அவ்வளவுதான். வாய் ஓயாமல் கேள்வி கேட்பார். இங்கே ஏன் எல்லோரும் சாம்பாரில் தட்டைப்பயறு போடுகிறீர்கள், பஸ் ஸ்டாண்டில் ஏன் மூன்று கடிகாரமும் மூன்று விதமாக மணி காட்டுகிறது, எல்லாவற்றுக்கும் அவருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். மே மாத ஆரம்பத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையில் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார்.

"சிஸ்டர், இதைப் பாருங்க. மாநிலம் பூரா நூறு கர்ப்பத்துக்குப் பதினாலு, பதினஞ்சு 'தொடராது' வருது. நம்ம ஆஸ்பத்திரியிலயும் அதேதான். ஆனா மே பாதியில இருந்து ஜூன் பாதி வரைக்கும் மட்டும் முப்பது ஆயிடுது. அப்புறம் சொல்லிவெச்ச மாதிரி இறங்கிடுது. அஞ்சு வருஷமா இதே கதை. ஏன்?"

"வெயில் டாக்டர்."

"பக்கத்து தாலுகாவுல மட்டும் குளுகுளுன்னா இருக்கு?"

"அப்போ தண்ணி."

"ரெண்டு தாலுகாவுக்கும் ஒரே கூட்டுக் குடிநீர்த் திட்டம்தானே?"

"தீப்பெட்டி ஆபீஸ் மருந்தா இருக்கும்."

"தீப்பெட்டி ஆபீஸ் மே மாசம் மட்டுமா ஓடுது?"

எனக்குச் சுருக்கென்றது. "என்ன டாக்டர், பெட்டியைச் சந்தேகப்படுறீங்களா?"

"சேச்சே, பெட்டியை இல்ல. ஊரைச் சந்தேகப்படுறேன்" என்று சிரித்தார்.

சிரித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மதுரைக்கு அனுப்பினார். பூச்சிமருந்துக் கடையில் போய் எந்த மாதம் எது விற்கிறது என்று விசாரித்தார். கடைக்காரர் பயந்துபோய் எங்கள் ஆபீஸுக்கு போன் செய்தார். எதிலும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியாக ஒரு யோசனையோடு வந்தார். கோளாறு கரு உண்டாகிற நாளிலேயே நேர்கிறதோ என்னவோ. 'தொடராது' வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அந்த நாளை ஒட்டி என்ன நடந்தது என்று கேட்டுப் பார்க்கலாம் என்றார். அழுதுகொண்டிருக்கிற பெண்ணிடம் போய் இது என்ன ஆராய்ச்சி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. டாக்டர் சொல்லும்போது என்ன செய்வது?

மே பதினேழாம் தேதி சஷ்டிகா வந்தாள். நோட்டுப் புத்தகக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், இருபத்து நாலு வயது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் முதல் கர்ப்பம். கூட மாமியார் குருவலட்சுமி, கூடையில் வெள்ளரிப்பிஞ்சோடு வந்திருந்தார்.

"கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்தின?" என்று கேட்டேன்.

"மார்ச் எட்டுக்கா."

பெட்டியில் போட்டேன். பத்து வாரம் என்று காட்டியது. வயிற்றில் வைத்தேன். கர்ப்பப்பையில் ஒரு சின்னப் பை மட்டும் இருந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. பத்து வாரத்தில் கை, கால் முளைத்து மீன்குஞ்சு மாதிரி நெளிய வேண்டிய இடம் அது. ஒரு நிமிஷத்தில் சாம்பல் எழுத்து வந்தது.

அந்த எழுத்து வந்த மறுநொடி மருந்து அலமாரியின் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். காகிதக் கிண்ணத்தில் முதல் மாத்திரை வந்து விழுந்தது. அதை விழுங்கிவிட்டால் கருவின் பிடி விட்டுப் போகும்; மறுநாள் அடுத்த மாத்திரை. முதல் மாத்திரைக்குப் பிறகு திரும்பி வர வழி கிடையாது.

சஷ்டிகா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "நான் என்னக்கா தப்பு பண்ணினேன்? கம்பெனியில பண்டல் தூக்கினேனே, அதனாலயா?"

"நீ ஒண்ணுமே பண்ணலம்மா. பண்டல் தூக்கினது, நடந்தது, பஸ்ல வந்தது எதுவுமே காரணமில்ல. இது கரு உண்டாகும்போதே வர்ற கோளாறு. யாரு நினைச்சாலும் தடுக்க முடியாது." இந்த வார்த்தைகளை நான் நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். எனக்கும் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குருவலட்சுமி மருமகளின் முடியைக் கோதிவிட்டார். "அழுவாத தாயி. ஒனக்கு என்ன வயசு போச்சு? மாத்திரையப் போட்டு முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருவோம்."

சஷ்டிகா எழுந்து உட்கார்ந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். நான் தம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். அப்போது பார்த்து ஃபர்ஹானா, "ஒரே ஒரு நிமிஷம்மா" என்றார். இந்த நேரத்திலா என்று நான் முறைத்ததை அவர் கவனிக்கவே இல்லை.

"மார்ச் இருபத்திரண்டை ஒட்டி உங்க வீட்டுப் பக்கம் கொசுமருந்து, பூச்சிமருந்து எதாவது அடிச்சாங்களா? ஏன்னா கணக்குப்படி அன்னைக்குத்தான் கரு உண்டாகியிருக்கும்."

குருவலட்சுமியின் கை மருமகள் தலையில் அப்படியே நின்றது. "எந்தத் தேதின்னு சொன்னீக?"

"மார்ச் இருபத்திரண்டு. ஒண்ணு ரெண்டு நாள் முன்னப் பின்ன இருக்கலாம்."

அவர் விரலை மடக்கி எண்ணினார். "பதினாறு காப்புக் கட்டு. இருபத்திரண்டுன்னா ஏழாம் நாளு. ஆத்தாடி ஆத்தா! கையில காப்பு கெடக்கையில இந்தப் பிள்ளையப் பாத்து என்ன கேள்வி கேக்குறீக டாக்டரம்மா? எம் மவன் காளிராஜ் அத்தன நாளும் கோயில் மண்டபத்துல பாயப் போட்டுக் கெடந்தான். நான் சொல்றதுல நம்பிக்கை இல்லாட்டி ஊர்ல வந்து விசாரிச்சுப் பாருங்க!"

சத்தத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வேறு டாக்டராக இருந்தால் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கியிருப்பார். ஃபர்ஹானா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, எனக்கு நிஜமாவே தெரியாது. காப்புன்னா என்ன?"

"மஞ்சக் கயிறு. சட்டி எடுக்கிறதா நேந்துக்கிட்டவுக கையில கட்டுவாக. கட்டிட்டா விரதம். கறி கூடாது, மெத்தை கூடாது, புருசன் பொஞ்சாதி ஒரு வீட்டுல படுக்கக் கூடாது. ஏப்ரலு ஆறு சட்டி எடுத்தோம். பதிமூணு மறுபொங்கல். அன்னைக்குத்தான் காப்ப அவுக்கிறது."

"யாரும் மீற மாட்டாங்களா?"

"கையில கட்டியிருக்கிறது ஆத்தா காப்பு. மீறுவாகளா? நல்லாக் கேக்குறீக!"

ஃபர்ஹானா என் பக்கம் திரும்பினார். கண் பளபளத்தது. "சிஸ்டர், மார்ச் பதினாறுல இருந்து ஏப்ரல் பதிமூணு வரைக்கும் இந்தக் கரு உண்டாகவே வழியில்ல. மார்ச் பதினாறுக்கு முந்தின ஒரு வாரம் விலக்கு. அப்போ இது ஏப்ரல் பதிமூணுக்கு அப்புறம் உண்டானது. இது பத்து வாரமே இல்ல!"

"மார்ச் எட்டுத்தான்க்கா கடைசி. சாமி சத்தியமா நான் பொய் சொல்லல" என்று சஷ்டிகா மறுபடி அழ ஆரம்பித்தாள்.

அப்போது என் வாய் தானாக ஒரு கேள்வி கேட்டது. "ஏப்ரல் அஞ்சுல உனக்கு அடுத்தது வரணும். ஆறாம் தேதி சட்டி. என்ன பண்ணின?"

இதுகூடவா உங்களுக்குத் தெரியாது என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "தள்ளிப்போடுற மாத்திரைதான்க்கா. எல்லாரும் போடுறதுதானே? ஒண்ணாம் தேதியில இருந்து ஏழாம் தேதி வரைக்கும் போட்டேன்."

"நிறுத்தினப்புறம்?"

"பத்தாம் தேதி லேசாப் பட்டுச்சு. ரெண்டு நாள். அது சூடுதானேக்கா."

"சூடுன்னா?" என்றார் ஃபர்ஹானா.

குருவலட்சுமி சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். "மாத்திரைச் சூடு வெளியேறுறது டாக்டரம்மா. காப்பு அவுக்கிறதுக்கு முன்னாடி வாரத நாங்க தூரம்னு சொல்ல மாட்டோம். சொன்னா எடுத்த சட்டி செல்லாமப் போயிரும்ல? அதனால அந்த ரெண்டு நாளக் கணக்குல சேக்கிறதில்ல."

"எத்தனை பேர் இப்படி?"

"சட்டி எடுக்கிற பொம்பளைகள்ல முக்காவாசி."

சஷ்டிகாவின் கையிலிருந்து நான் கிண்ணத்தைப் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கத்தான் செய்தேன். மாத்திரை தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

மாத்திரை சமாச்சாரம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சூடு என்று சொல்வதும் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யார் போய்க் கேள்வியாகக் கேட்பார்கள்? கடைசி மாதவிலக்கு எப்போது என்று பெட்டி கேட்டது. எங்கள் பெண்கள் அதற்கு உண்மையான பதிலைத்தான் சொன்னார்கள். அவர்கள் கணக்கில் அதுதான் உண்மை. பெட்டியை உண்டாக்கினவர்கள் லட்சக்கணக்கான பெண்களை வைத்து அதைப் பழக்கினார்களாம். அந்த லட்சத்தில் செங்கட்டாபுரம் இல்லை.

ஃபர்ஹானா பெட்டியை எடுத்தார். தேதியை அழித்துவிட்டு ஏப்ரல் பத்து என்று போட்டார். அதே படம், அதே ரத்தம். ஒரு நிமிஷம் ஆயிற்று. பச்சை எழுத்து வந்தது: 'தொடரும்.'

"மாரியாத்தா!" என்று குருவலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டார். ஃபர்ஹானா முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"அவசரப்படாதீங்கம்மா. தேதியை மாத்தினதும் பேச்சை மாத்துது. அப்பவும் அடிச்சுச் சொல்லுச்சு, இப்பவும் அடிச்சுச் சொல்லுது. இந்தப் பை அஞ்சு வாரத்துக்குச் சரியான அளவு. அஞ்சு வாரத்துல உள்ள துடிப்பு தெரியாது. இது நல்லா வளரலாம், நின்னும் போகலாம். இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாது. தெரியாதுன்னு ஒரு வார்த்தையை இந்தப் பெட்டிக்கு யாருமே சொல்லிக் குடுக்கல சிஸ்டர்."

"அப்போ நான் இப்ப என்ன பண்ணணும்?" என்று சஷ்டிகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் காதில் விழுந்த வாக்கியத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பத்து நாள் கழிச்சு வாம்மா."

"பத்து நாளா? எப்படிக்கா இருப்பேன்? இருக்கா இல்லையான்னே தெரியாம எப்படிக்கா சாப்பிடுவேன், தூங்குவேன்?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

ரெண்டு நாள் கழித்து ரத்தம் பார்த்தோம்; கர்ப்பச் சுரப்பு ஏறியிருந்தது. ஏறினாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆறாம் நாள் சஷ்டிகா வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பழைய நாள் மாதிரியே. மத்தியானம் என் டிபனைப் பிரித்துப் பாதி கொடுத்தேன்.

"நீங்களும் சட்டி எடுத்திருக்கீங்களாமே அக்கா? அத்தை சொன்னாங்க. மஞ்சச் சேலையில பாத்தாங்களாம்."

"ஆமா, எடுத்தேன்."

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

நான் என் பங்கை மூடி வைத்துவிட்டேன். எனக்கும் அந்த வருஷம் மறுபொங்கலுக்கு முந்தின வாரம் ரெண்டு நாள் பட்டது. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை. சீருடையில் கறை பட்டுவிட்டதென்று லேபில் இருந்த பெண்ணிடம் துப்பட்டா வாங்கிச் சுற்றிக்கொண்டது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பெட்டி கேட்டபோது அதற்கு முந்தின மாதத்துத் தேதியைச் சொன்னேன். நர்சிங் படித்தவள் நான். ஊருக்கெல்லாம் நாள் கணக்குப் பார்க்கிறவள்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் இளவேனிலைத் தூக்கி என் மடியில் விட்டார். அப்புறம், "நமக்குத்தான் இளவேனில் இருக்கால்ல? அதை ஏன் இப்பத் தோண்டுற?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அன்றைக்கு அது தங்கியிருந்தால் இவள் பிறந்திருக்க மாட்டாள். மடியில் படுத்துக்கொண்டு அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தேன். எனக்கு எதை நினைத்து வருத்தப்படுவது என்றே புரியவில்லை.

பத்தாம் நாள் சஷ்டிகா புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். காளிராஜ் சுவரோடு ஒட்டி நின்றான். நான் பெட்டியின் எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்தேன். பைக்குள் ஒரு அரிசி அளவுக்கு ஏதோ இருந்தது. அதன் நடுவில் மினுக் மினுக்கென்று ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

"அதுவாக்கா?" என்றாள் சஷ்டிகா.

"அதேதான்."

குருவலட்சுமி ஆஸ்பத்திரி என்றும் பாராமல் குலவை போட்டார். ஃபர்ஹானா ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் என்பதை மறந்து கைதட்டினார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கையுறை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து ஃபர்ஹானா சென்னைக்கு எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. ஒரு மாதத்தில் எஞ்சினியர்கள் வந்தார்கள். காப்பு, சட்டி, சூடு எல்லாவற்றையும் குருவலட்சுமியே அவர்களுக்கு வகுப்பெடுத்தார். இரண்டு மாற்றம் செய்தார்கள். தள்ளிப்போடும் மாத்திரை சாப்பிட்டீர்களா, அதன் பிறகு லேசாகவாவது பட்டதா என்று பெட்டி இப்போது கேட்கும். அதோடு பச்சை, சாம்பலுக்கு நடுவில் மஞ்சள் எழுத்து ஒன்றும் வந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் காத்திருக்கச் சொல்லும். அப்போது அலமாரி திறக்காது.

அதற்குப் பிறகுதான் எனக்கும் டாக்டருக்கும் சண்டை. ஐந்து வருஷத்தில் மே பாதிக்கும் ஜூன் பாதிக்கும் நடுவில் 'தொடராது' வாங்கிய பெண்கள் அறுபத்து மூன்று பேர். படமும் ரத்தக் கணக்கும் பெட்டியிலேயே இருக்கின்றன. சரியான தேதியைப் போட்டால் மறுபடி சொல்லும்.

"எல்லாருக்கும் சொல்லியாகணும் சிஸ்டர். மறைக்கிறது பாவம்" என்றார் ஃபர்ஹானா.

"சொல்லி? உன் பிள்ளை உசுரோட இருந்திருக்கும், நாங்கதான் மாத்திரை குடுத்தோம்னு சொல்லவா? அதைத் தூக்கிட்டு அவ எங்க போவா? மொதல்ல தெரிஞ்சுக்கணுமான்னு கேளுங்க. யோசிக்கப் பத்து நாள் குடுங்க. வேணும்னு சொல்றவங்களுக்கு மட்டும் பாருங்க."

கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் பட்டியலைத் திறந்து முதல் பெயரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுக்கணுமா, அக்கா?" என்றார். என்னை அவர் அக்கா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"எனக்கும் பத்து நாள் குடுங்க டாக்டர்."

அந்தப் பத்து நாளில் மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டோம். முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். ஒருத்தி போனிலேயே திட்டினாள். திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டேன். "நான் அதுக்கு ஒரு பேரு வெச்சு, அழுது முடிச்சுட்டேன் சிஸ்டர். திரும்ப எழுப்பாதீங்க" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "மூணு வருஷமா என் மாமியார் நான் பண்டல் தூக்கித்தான் கலைஞ்சுச்சுன்னு சொல்றாங்க. எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். பத்தொன்பது பேர் தெரிய வேண்டும் என்றார்கள். எண் வரிசைப்படி பார்ப்பது என்று முடிவு செய்தோம். முதல் எண் என்னுடையது.

பத்தாம் நாள் டூட்டி முடிந்து, சாயங்காலம் நான்கு மணிக்குப் பெட்டி அறைக்குப் போனேன். ஃபர்ஹானா கதவைச் சாத்திவிட்டு என் பின்னால் நின்றார். வெளியே இளவேனிலை வைத்துக்கொண்டு அவள் அப்பா உட்கார்ந்திருந்தார்.

என் படம் திரையில் வந்தது. சஷ்டிகாவினுடையது போலவே ஒரு சின்னப் பை, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பழைய தேதியை அழித்தேன். ஏப்ரல் பன்னிரண்டு என்று போட்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம் இதுதான்: அம்மன் மேல் கோபப்பட்டேன், பெட்டிக்கு நன்றி சொன்னேன். பச்சை வந்தால் எப்படித் தாங்குவது என்றும் தெரியவில்லை. சாம்பல் வந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டேன். வயிற்றில் இருந்தது நின்றுபோயிருக்க வேண்டும் என்று எந்தத் தாயாவது வேண்டுவாளா? நான் வேண்டினேன்.

மஞ்சள் எழுத்து வந்தது.

'இப்போது சொல்ல இயலாது. பத்து நாள் கழித்து மீண்டும் பார்க்கவும்.'

ஃபர்ஹானா என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பத்தாவது நாளில் நான் இதே அறையில்தான் இருந்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன்.